கட்டிய நேரம்

ஷாங்காய் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று
கம்பெனி கம்ப்யூட்டரில் தட்டிக் காட்டினான் ஜெரால்டு.
நாலாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம்.
பறக்கும் நேரம் ஆறு மணி.
நீலத்தின் மேல் ஒரு கோடு
முறத்தின் விளிம்பாய் வளைந்து போனது.

"நேரா போட வேண்டியதுதானே?" என்றேன்.
"இதுதாங்கா நேர். பூமி உருண்டை."
இருக்கும்.
காசிமேட்டிலிருந்து எதுவும் நேராய்ப் போய்
நான் பார்த்ததில்லை.

ஆறு மணி யாருக்கு?
நிற்காமல், இறங்காமல்,
முத்திரைக்கு வரிசையில் காத்துக் கிடக்காமல் போகிற
ஏதோ ஒன்றுக்கு.
என் நண்டுக்கு இல்லை.

நண்டின் கடிகாரம்
நான் சணலை இறுக்கும்போதுதான் ஓடத் தொடங்கும்.
பழவேற்காட்டுச் சேற்றுநண்டு, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ.
குதிகாலால் முதுகை அமுக்கி
கொடுக்கை மடக்கி, வயிற்றோடு ஒரு சுற்று,
முடிச்சு பின்னால், என் கட்டைவிரல் நகம் அளவு.
ஈரச் சாக்கு. தெர்மாகோல் பெட்டி. மூடியில் எட்டுத் துளை.
பெட்டிமேல் நீல மார்க்கரில் எழுதுவேன்:
கட்டிய நேரம் 3.10.

அதிலிருந்து முப்பத்தாறு மணி, தாங்கினால்.
துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் வண்டிகள்
அதில் இரண்டைத் தின்னும்.
மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகைக்கு ஐந்து.
சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்கு ஒன்பதோ பத்தோ.
ஜெரால்டின் கோட்டில் சிங்கப்பூரே இல்லை.
அங்கே இறங்கும்போது
நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுமாம் நேரம்.
நண்டுக்கு அது தெரியாது.
சாப்பிடுகிறவன் வயிற்றுக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு விடியல்.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
தேசிங்கு வண்டியைத் திருப்ப இடமில்லை,
பின்னால் தண்ணி லாரி, அதன் பின்னால் ஊரே.
விமானம் போயாச்சு என்று போன் வந்தபோது
வியாசர்பாடியைத்தான் தாண்டியிருந்தான்.
மதியம் திரும்பி வந்து பெட்டிகளை இறக்கினான்.
பதினோரு பெட்டி.
"ஏரோபிளேன் சத்தம்கூட கேக்கல" என்றான்,
லுங்கியைப் பிழிந்துகொண்டே.

திறந்தோம்.
பாதி நுரை கக்கிக் கிடந்தன.
உயிர் இருந்தவற்றின் சணலை அறுத்தேன், நனைத்துக் கொடுக்க.
அறுத்த பிறகும் கொடுக்கு மடங்கியேதான் இருந்தது.
கட்டு அவிழ்ந்தது அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை.
அப்புறம் போய்ச் சேர்ந்தது,
என் கட்டைவிரலில்.
ஷெட்டே சிரித்தது. நானும்தான், கண்ணில் தண்ணியோடு.

ராத்திரி விமானத்தில் இடம் இருக்கிறதாம்.
"மறுபடி கட்டுங்க" என்றார் முதலாளி.
"நேரம் எதைப் போட?" என்றேன்.
"இப்ப மணி இன்னா?"
"ஒன்னு நாப்பது."
"அப்ப அதைப் போடு."

3.10ஐ அடித்தால் தெரியும் என்று
புது மூடி போட்டு எழுதினேன்.
இரண்டரை மணி நேரத்தைத் தொலைக்க
அத்தனை கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது.
பத்தரை மணி நேரத்தை நான்
பிளாஸ்திரி சுற்றிய விரலால்
ஒரு மார்க்கரில் தொலைத்தேன்.

நாலாம் நாள் அங்கிருந்து ஒரு போட்டோ.
பளபளக்கும் எவர்சில்வர் மேசை, அதன்மேல் ஒரு நண்டு.
"பெருசாக்கு" என்றேன். ஜெரால்டு பெருசாக்கினான்.
என் முடிச்சு. சந்தேகமே இல்லை.
மீனம்பாக்கம்கூடப் பார்த்திராத என் கை
அங்கே மேசைமேல் இறுகியிருந்தது.
பக்கத்தில் கையுறை போட்ட இன்னொரு கை.
கட்டைவிரல் தடித்திருந்தது,
உள்ளே பிளாஸ்திரியோ, விரலே அப்படியோ.

"உயிரோட இருக்கா?" என்று கேட்டேன்.
அவன் திரையை இன்னும் பெருசாக்கினான்.
நண்டு கட்டம் கட்டமாய் உடைந்து
வெறும் பச்சையும் பழுப்புமாய் நின்றது.
"போட்டோல எப்படிக்கா தெரியும்?" என்றான்.